விளையாட்டுச் செங்கற்களால் ஒரு கடற்கொள்ளைக் கப்பல்

பொம்மைக் கப்பல்கள் இருவகைப்படும். கண்ணாடிப் பேழைக்குள் நிறுத்திக் காணத் தக்கது ஒன்று. குழந்தையின் கைக்கு அகப்படுவது மற்றொன்று. முன்னதற்குத் தோற்றப் பொலிவு இருந்தால் போதும். பின்னதன் வாழ்க்கை கடினமானது. அதனை அணியத்தைப் பிடித்துத் தூக்குவார்கள், கட்டிற்காலில் மோதுவார்கள், மேல்தளத்தைக் கழற்றி உள்ளறையில் கைவிட்டுத் துழாவுவார்கள், புயலில் அகப்பட்டதாகப் பாவித்துத் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். இத்தனைக்கும் ஈடுகொடுத்து மறுநாட் காலையிலும் அது கப்பலாகவே நிற்க வேண்டும். ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் செங்கற்களைக் கொண்டு, இவ்வாறு உண்மையாகவே விளையாடத் தக்க கடற்கொள்ளைக் கப்பல்களைக் கட்டுவது, சிறுவர்களோடு வளர்ந்தோரும் பல நாடுகளில் மேற்கொண்டுள்ள பொழுதுபோக்காகும். வேடிக்கையாகத் தோன்றினும், பொருள்களின் வலிமை, அளவீட்டு நுட்பம், கப்பற் கட்டுமானம், நச்சுப் பொருட் சோதனை ஆகிய பல துறைகள் இதில் வந்து கூடுகின்றன.

இத்துறைகளை ஒரே நகர்ப் பகுதியில் அருகருகே காண விரும்புவோர், கொல்கத்தாவின் தென்பாகத்திலுள்ள அலிப்பூருக்குச் செல்லலாம். அங்கே மத்திய அரசாங்கத்தின் நாணயச் சாலை இருக்கிறது. 1952-ஆம் ஆண்டு மார்ச்சு 19-ஆம் நாள், அப்பொழுது நிதியமைச்சராயிருந்த சி. டி. தேஷ்முக் அதனைத் திறந்து வைத்தார். ஜட்ஜஸ் கோர்ட் சாலையில், இரயில்வே வாரியத்தின் கீழ் 1912-ஆம் ஆண்டில் தோன்றிய தேசியச் சோதனைச் சாலை இருக்கிறது. பெல்வெடேர் மாளிகையைச் சூழ்ந்த தோட்டத்தில் தேசிய நூலகம் இருக்கிறது. இவற்றுள் எதுவும் பொம்மைக்காக நிறுவப்பட்டதன்று. எனினும் பொம்மைக் கப்பலொன்றைக் கட்டத் தொடங்குபவர் எதிர்ப்படும் வினாக்கள் மூன்றும் இம்மூன்று வாயில்களுக்கே அவரைக் கொண்டு செல்கின்றன. செங்கல் ஏன் செங்கல்லைப் பற்றுகிறது? கட்டியது குழந்தைக்குத் தீங்கற்றதா? கடற்கொள்ளைக் கப்பல் என்பது உண்மையில் எப்படி இருந்தது?

பற்றும் செங்கல்

பற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் செங்கல்லை முதன்முதலில் சந்தைக்குக் கொணர்ந்தவர்களுள் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹிலாரி ஃபிஷர் பேஜ் குறிப்பிடத் தக்கவர். அவருடைய கிட்டிகிராஃப்ட் நிறுவனம் 1947-ஆம் ஆண்டில் இவற்றை விற்றது. டென்மார்க்கின் பில்லுண்டு என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சென் என்ற தச்சர் 1932 முதல் மரப் பொம்மைகள் செய்து வந்தார். அவருடைய லெகோ நிறுவனம் பேஜின் செங்கல்லைக் கண்டு, அதனைச் சிறிது மாற்றி, 1949-ஆம் ஆண்டில் தன் செங்கல்லை வெளியிட்டது. இவ்விரண்டிற்கும் பொதுவான குறை ஒன்று இருந்தது: அடிப்பகுதி வெற்றிடமாக இருந்தமையால் பிடிப்பு போதவில்லை. சற்றே சாய்த்தாலும் கட்டடம் சரிந்தது. ஓலேயின் மகன் காட்ஃபிரெட், 1958-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள் காப்புரிமைக்குப் பதிவு செய்த அமைப்பில், செங்கல்லின் அடிப்புறத்தில் உள்ளீடற்ற குழல்கள் சேர்க்கப்பட்டன. அன்று முதல் இன்றுவரை அடிப்படை அளவுகள் மாறாததால், அவ்வாண்டின் செங்கல் இன்று வார்த்தெடுத்த செங்கல்லோடும் பொருந்துகிறது.

அக்குழலின் தடிப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் பள்ளி மாணவரே கணக்கிடலாம். குமிழ்கள் 8 மில்லிமீட்டர் இடைவெளியில் சதுரமாக அமைந்துள்ளன. ஒவ்வொரு குமிழின் விட்டமும் 4.8 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர்ச் சதுரத்தின் மூலைவிட்டம் 11.31 மில்லிமீட்டர். அதிலிருந்து எதிரெதிர் மூலைகளிலுள்ள இரு குமிழ்களின் ஆரங்களை, அதாவது 4.8 மில்லிமீட்டரைக் கழித்தால் 6.51 மில்லிமீட்டர் எஞ்சும். நான்கு குமிழ்களுக்கு நடுவே இறுகிப் புகும் குழலின் புறவிட்டம் இதுவே. இதனினும் ஒரு மயிரிழை கூடினால் குழந்தையால் செங்கற்களைப் பிரிக்க இயலாது. ஒரு மயிரிழை குறைந்தால் அவை தாமே பிரிந்துவிடும். செங்கல் அழுந்தும்பொழுது அதன் சுவர் மிகச் சிறிதளவு வளைந்து, பழைய நிலைக்கு மீள முயல்கிறது. அந்த மீட்சியும் உராய்வும் சேர்ந்ததே பிடிப்பு. பசையோ ஆணியோ இன்றிக் கப்பல் ஒன்றாய் நிற்பது இதனால்தான்.

நாணயச் சாலையின் நினைவு இங்கே வருவது இயல்பு. நாணயம் அடிக்கும் அச்சில் ஓர் இழை பிசகினால், அப்பிசகு அந்த அச்சினின்று வரும் ஆயிரக்கணக்கான நாணயங்களிலும் தவறாமல் பதிகிறது. வார்ப்பு அச்சும் அத்தகையதே. ஆகையால் செங்கல்லுக்குரிய உருக்கு அச்சுகளை ஒரு மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கு என்னும் அளவுக்குத் துல்லியமாகக் குடைகிறார்கள். இத்துல்லியம் வீண் ஆடம்பரமன்று. 60 குமிழ் நீளமுள்ள கப்பலில் ஒற்றைக் குமிழ்த் துண்டுகளை வரிசையாகப் பதித்தால், துண்டுக்கு 0.02 மில்லிமீட்டர் மிகுதியாயினும் கடைசியில் 1.2 மில்லிமீட்டர் மிகுந்துவிடும். தளம் மேல்நோக்கிப் புடைக்கும். இதனை முன்னறிந்தே ஒவ்வொரு செங்கல்லையும் அதற்குரிய இடத்தைவிட 0.2 மில்லிமீட்டர் குறைவாக வார்க்கிறார்கள். எட்டுக் குமிழ்ச் செங்கல்லின் நீளம் 32 அன்று, 31.8 மில்லிமீட்டர். மலிவு கருதிப் பல தயாரிப்பாளர்களின் செங்கற்களைக் கலந்து வாங்குவோர், கப்பலின் ஒரு பக்கம் இறுகியும் மறுபக்கம் நெகிழ்ந்தும் போவதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை.

மூலப்பொருளிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. தொடக்கத்தில் செல்லுலோஸ் அசிட்டேட் என்னும் பொருளால் செங்கற்கள் வார்க்கப்பட்டன. அது காலப்போக்கில் ஈரத்தை ஏற்று முறுக்கிக்கொள்ளும். வங்காளத்து ஆனி, ஆடி மாதங்களுக்கு முற்றிலும் ஒவ்வாதது. 1963-ஆம் ஆண்டில் அதற்குப் பதிலாக ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக் வந்தது. மூன்று பொருள்களின் சேர்க்கையான இதில், அக்ரிலோநைட்ரைல் கடினத்தையும், பியூட்டடையீன் மோதலைத் தாங்கும் மீள்தன்மையையும், ஸ்டைரீன் பளபளப்பையும் எளிதில் வார்க்கப்படும் இயல்பையும் அளிக்கின்றன.

கப்பலின் உடல்

செங்கல்லின் மூலை செங்கோணம். கப்பலின் உடலோ எங்கும் வளைவு. இம்முரண்பாட்டை எவ்வாறு தீர்ப்பது என்பதே இப்பொழுதுபோக்கின் தலையாய சிக்கலாகும். 1989-ஆம் ஆண்டில் லெகோ நிறுவனம் கடற்கொள்ளையர் வரிசையையும், அதில் பிளாக் சீஸ் பாரகுடா என்னும் பெரிய கப்பலையும் வெளியிட்டபொழுது, உடலை மூன்று வகைப் பெரிய வார்ப்புகளாகவே கொடுத்துவிட்டது: அணியம், நடு, அமரம். இவற்றின் அகலம் 16 குமிழ். நடுத்துண்டு 8 குமிழ் நீளமுள்ளது. ஆகவே அதனை ஒன்று, இரண்டு, மூன்று என்று சேர்த்துக்கொண்டே போனால் கப்பல் நீண்டுகொண்டே போகும். கட்டுவோருக்கு இது பேருதவி. ஆனால் எல்லாக் கப்பலுக்கும் ஒரே முகம் அமைந்துவிடுகிறது என்ற குறையும் உண்டு.

அகலம் 16 குமிழாக இருந்ததற்கு ஒரு நியாயம் கற்பிக்கலாம். 1978-ஆம் ஆண்டு முதல் இச்செங்கற்களோடு வரும் சிறு மனிதப் பதுமையின் உயரம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். மெய்யான மாலுமியின் உயரத்தை 1.7 மீட்டர் என்று கொண்டால், பதுமை அவனில் நாற்பத்திரண்டில் ஒரு பங்கு. 40 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட போர்க்கப்பலை அதே விகிதத்தில் குறுக்கினால் நீளம் 95 சென்டிமீட்டர், அகலம் 24 சென்டிமீட்டர் ஆகும். அவ்வளவு பெரியதைக் குழந்தையால் ஒரு கையில் பற்ற முடியாது. 16 குமிழ் என்பது 12.8 சென்டிமீட்டரே. விகிதத்தைக் கைவிட்டுக் கையைக் கருதியது சரியான தீர்ப்பு என்றே சொல்ல வேண்டும். காட்சிக்காகக் கட்டுவோர் விகிதத்தில் பிடிவாதம் காட்டுகிறார்கள். அவர்களுடைய கப்பல்கள் மேசையைவிட்டு நகர்வதில்லை.

வார்ப்பு உடலை நாடாமல் தாமே உடலைச் சமைக்க விரும்புவோர், மரக்கலத் தச்சரின் முறையைப் பின்பற்றுகிறார்கள். ஏராக்கட்டைபோல நடுவே ஒரு நெடிய தண்டு, அதன்மேல் வங்குகள், வங்குகளின்மீது தகடுகளைப் பலகைகள்போலப் பொருத்துதல். பக்கப் பலகைகளைப் படுக்கவைத்து இணைப்பதற்கு எண்கணிதம் ஒன்று கைகொடுக்கிறது. மெல்லிய தகட்டின் தடிப்பு 3.2 மில்லிமீட்டர். ஐந்து தகடுகளை அடுக்கினால் 16 மில்லிமீட்டர். இரண்டு குமிழ் இடைவெளியும் 16 மில்லிமீட்டரே. எனவே ஐந்து தகடுக்கு இரண்டு குமிழ் என்ற கணக்கில், நிமிர்ந்த செங்கல்லும் சாய்த்த செங்கல்லும் இடைவெளியின்றிப் பொருந்துகின்றன.

வங்காளத்துப் படகுத் தச்சர் இதற்கு நேர்மாறாகச் செய்வது கவனிக்கத் தக்கது. ஐரோப்பியக் கப்பலில் எலும்புக்கூடு முதலில், தோல் பின்னர். வங்காளத்திலோ பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, இரும்புப் பற்றாணிகளால் தைத்து, வழுவழுப்பான ஓட்டினை முதலில் உருவாக்குகிறார்கள். வங்குகளை அதன் பின்னரே உள்ளே வைக்கிறார்கள். ஓட்டின் வளைவு தச்சரின் கண்ணிலும் கையிலும் இருக்கிறது, வரைபடத்தில் இல்லை. செங்கல் கட்டுவோர் இம்முறையைப் பின்பற்ற முனைந்தால் மிக்க பொறுமை வேண்டும். கீல்களால் இணைந்த தகடுகளை வளைத்து ஓடு சமைக்கும் சிலர் ஓரளவுக்கு அதனை நெருங்குகிறார்கள்.

ஏன் முறிகிறது?

தூக்கும்பொழுது கப்பல் நடுவில் முறிவது தொடக்கக்காரர் யாவரும் காணும் விபத்து. அதன் காரணம் மெய்யான கப்பல்களை உடைக்கும் காரணமேயாகும். பேரலையின் முகடு கப்பலின் நடுவே நிற்கும்பொழுது இரு முனைகளும் தொங்குகின்றன. முகடுகள் முனைகளில் நிற்கும்பொழுது நடு தொய்கிறது. குழந்தை தன் இரு கைகளால் அணியத்தையும் அமரத்தையும் பிடித்துத் தூக்கும்பொழுது இரண்டாவது நிலை ஏற்படுகிறது. அப்பொழுது மேல்தளம் நெருக்குண்கிறது, அடித்தளம் இழுபடுகிறது. செங்கற்கள் நெருக்குதலை நன்கு தாங்கும். இழுவைக்கு அவற்றின் இணைப்பு இளகும். ஆகவே அடித்தளத்திலுள்ள மூட்டு ஒன்று வாய் திறக்கிறது. அடுத்த கணம் சரக்கறையிலுள்ள பொற்காசுகள் தரையில் உருளுகின்றன.

பரிகாரம் மூன்று. கொத்தர் சுவர் எழுப்பும்பொழுது ஒரு வரிசையின் மூட்டுக்குமேல் அடுத்த வரிசையின் செங்கல் அமையுமாறு கட்டுவது போல, அடித்தளத் தகடுகளை இரண்டு அடுக்காக, மூட்டு மூட்டோடு சேராமல் பதிக்க வேண்டும். அடுத்து, தண்டின் ஆழத்தைக் கூட்ட வேண்டும். நன்கு பிணைந்த தண்டின் அகலத்தை இருமடங்காக்கினால் வளைவைத் தாங்கும் வலிமை இருமடங்காகிறது. ஆழத்தை இருமடங்காக்கினாலோ நான்கு மடங்காகிறது. மூன்றாவது, அடுக்குகள் மேல்நோக்கிப் பிரியாதவாறு பூட்ட வேண்டும். 1977-ஆம் ஆண்டில் வெளிவந்த துளையிட்ட நீளச் செங்கற்கள் இதற்குப் பயன்படுகின்றன. ஒரு செங்கல்லின் உயரம் 9.6, இரு தகடுகளின் உயரம் 6.4, கூட்டினால் 16 மில்லிமீட்டர். ஆதலால் துளையிட்ட இரு செங்கற்களுக்கிடையே இரு தகடுகளை வைத்தால், மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் உள்ள தூரம் சரியாக இரண்டு குமிழ் இடைவெளியாகிறது. நெடுக்காக ஒரு துளைச் செங்கல்லை நிறுத்தி முளைகளால் பூட்டிவிடலாம். அங்ஙனம் பூட்டிய ஏராக்கட்டையைக் குழந்தையின் வலிமையால் பிரிக்க இயலாது.

இன்னுமொரு எச்சரிக்கை. கப்பலை எல்லாப் பக்கங்களிலும் இருமடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும்; இணைப்புகளின் பரப்போ நான்கு மடங்கே ஆகும். அதாவது ஒவ்வொரு குமிழின்மீதும் விழும் பாரம் இரட்டிக்கிறது. எறும்பு தன் எடையைப்போலப் பன்மடங்கு சுமக்க, யானை அவ்வாறு சுமக்க இயலாமைக்குக் காரணமும் இதுவே. பெரிதாகக் கட்ட வேண்டுமென்ற ஆசை இப்பொழுதுபோக்கின் தீராத நோய். 2020-ஆம் ஆண்டில், பொழுதுபோக்காளர் ஒருவர் அளித்த யோசனையின் அடிப்படையில் லெகோ வெளியிட்ட கடற்கொள்ளையர் தீவில் 2,545 துண்டுகள் இருந்தன. உடைந்த கப்பலைத் தீவாகவும், பிரித்துச் சேர்த்தால் முழுக் கப்பலாகவும் அமைக்கலாம். கருத்து அழகியது. ஆயினும் ஆறு வயதுச் சிறுவனுக்கு அதனைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்வது நியாயமன்று.

நீரில் மிதக்குமா என்று குழந்தைகள் கேட்பார்கள். ஏ.பி.எஸ். நீரைவிடச் சற்றே அடர்த்தியானது; செங்கற்களுக்கிடையே நீர் புகும்; கட்டிய கப்பல் மெல்ல அமிழும். தரையே அதன் கடல். அடியில் சிறு சக்கரங்களை மறைத்து வைப்போர் உண்டு. அது மிக நல்ல வழக்கம்.

பாய்மரத்தைப் பற்றி ஒன்று கூறினால் போதும். அது எவ்விதத்திலும் உறுதியாக இருக்கக்கூடாது. நெடிய மரம் நெம்புகோலாகச் செயற்பட்டு, அடிக்கும் சிறு தட்டையும் பன்மடங்காக்கித் தளத்தின்மேல் செலுத்துகிறது. மரம் அசையாமல் நின்றால் தளம் பெயரும். மின்சாரச் சுற்றில் உருகுகம்பி தான் அழிந்து சாதனத்தைக் காப்பதுபோல, மரம் தன் அடியில் எளிதில் கழன்று, மீண்டும் எளிதில் பொருந்த வேண்டும். பருமல்கள் சுழன்றால் குழந்தைக்கு மகிழ்ச்சி. கயிறுகள் மிகுந்தால் விரல் சிக்கும்.

சோதனைச் சாலையின் வினாக்கள்

கடற்கொள்ளைக் கப்பலுக்குப் பீரங்கி இன்றியமையாதது. 1989-ஆம் ஆண்டுப் பீரங்கி, வில்லின் விசையால் சிறு உருளைத் துண்டை எறிந்தது. அமெரிக்காவில் விற்கப்பட்ட பெட்டிகளிலோ அதே பீரங்கி சுடாதவாறு அமைக்கப்பட்டிருந்தது. ஒரே பொம்மை ஒரு நாட்டில் சுட, மற்றொரு நாட்டில் ஊமையாக இருந்தது விந்தையே. ஆனால் எறிபொருளால் கண்ணுக்கு நேரக்கூடிய தீங்கை எண்ணினால், அதைக் குறித்து நாடுகள் வேறுபடுவதில் வியப்பில்லை.

நம் நாட்டில் பொம்மைகளின் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020-ஆம் ஆண்டில் பிறப்பிக்கப்பட்டு, 2021-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. பதினான்கு வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகள் இந்தியத் தரக் குறியைப் பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவை நிறைவேற்ற வேண்டிய சோதனைகள் ஐ.எஸ். 9873 என்னும் தர விவரத்தின் பல பகுதிகளில் கூறப்பட்டுள்ளன. இரயில்வேக்கான பொருள்களைச் சோதிக்கத் தோன்றிய அலிப்பூர்ச் சோதனைச் சாலை, சிமெண்டு, உருக்கு, மின்சாதனம், ரப்பர், பிளாஸ்டிக் என்று தன் எல்லையை விரித்துக்கொண்டது. இன்று நுகர்வோர் விவகாரத் துறையைச் சார்ந்தது. பொருளை நம்பாமல், அதனை இழுத்தும் நெரித்தும் எரித்தும் கரைத்தும் பார்த்த பின்னரே சான்று தருவது இத்தகைய சாலைகளின் வழக்கம். பொம்மைக்கும் அதே நடைமுறைதான். பொம்மையைக் குறித்த உயரத்திலிருந்து விழச் செய்கிறார்கள்; முறுக்குகிறார்கள்; இழுக்கிறார்கள். உடைந்த துண்டில் கூர்மை உண்டா என்று பார்க்கிறார்கள்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டைக்கு உவமையாக ஓர் உலோக உருளை இருக்கிறது. அதன் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர், சாய்வான அடிப்பாகத்தின் ஆழம் 25.4 முதல் 57.1 மில்லிமீட்டர் வரை. எத்திசையில் வைத்தாலும் அதனுள் முழுவதும் அடங்கும் பொருள் அக்குழந்தைக்கு ஆகாது. எட்டுக் குமிழ்ச் செங்கல் 31.8 மில்லிமீட்டர் நீளமிருப்பதால் தப்பிவிடும் என்று கருதலாகாது. நிமிர்த்தி வைத்தால் எளிதில் உள்ளே இறங்கிவிடும். அதாவது இப்பொழுதுபோக்குக்குரிய செங்கற்களில் பெரும்பாலானவை சிறு குழந்தைக்கு அபாயமானவை. நீளம், அகலம், உயரம் மூன்றும் இருமடங்கான பெருஞ்செங்கற்கள் 1969-ஆம் ஆண்டில் வந்தன. அவற்றுள் நான்கு குமிழ் உடையது, 31.8 மில்லிமீட்டர்ப் பக்கத்தோடு உயரமும் சேர்வதால், உருளைக்குள் இறங்காது. தம்பியோ தங்கையோ தவழும் வீட்டில், மூத்தவனின் கப்பல் பெருஞ்செங்கல்லால் ஆனதாக இருக்கட்டும். அல்லது உயர்ந்த அலமாரியைத் துறைமுகமாகக் கொள்ளட்டும்.

கண்ணுக்குப் புலனாகாத அபாயமும் உண்டு. குழந்தை விழுங்கிய துண்டிலிருந்து இரைப்பையில் எவ்வளவு நச்சு கரையும் என்பதை அறிய, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், உடலின் வெப்பமான 37 பாகை செல்சியஸில், மாதிரியை ஒரு மணி நேரம் குலுக்கி, மேலும் ஒரு மணி நேரம் அசையாமல் வைக்கிறார்கள். பின்னர்க் கரைசலில் எட்டுத் தனிமங்களைத் தேடுகிறார்கள். கிலோகிராமுக்கு ஈயம் 90 மில்லிகிராம், காட்மியம் 75, பாதரசம் 60, ஆர்செனிக் 25 என்பன போன்ற வரம்புகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆண்டிமனி, குரோமியம், பேரியம், செலினியம் ஆகியவை எஞ்சியவை. பழைய பிளாஸ்டிக்குகளில் ஒளிமிக்க மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காட்மிய நிறமிகள் சேர்க்கப்பட்டதுண்டு. பழைய செங்கற்களை நிறுத்து மூட்டையாக வாங்குவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். அவை வளர்ந்தவரின் காட்சிக் கப்பலுக்கு ஆகலாம். எதையும் வாயிலிடும் பருவத்தினருக்கு ஆகா.

இந்தியாவில் பொம்மைகள்மீதான இறக்குமதித் தீர்வை 2020-ஆம் ஆண்டில் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-ஆம் ஆண்டில் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. அயல்நாட்டுச் செங்கல் விலையேறவே, மூட்டைகளில் வரும் குறியற்ற செங்கல்லை நாடும் சபலமும் ஏறியிருக்கும். தரக் குறி இருக்கிறதா என்று பெட்டியைத் திருப்பிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

கொள்ளையர் யார்?

1989-ஆம் ஆண்டுக் கொள்ளையர் வரிசையில்தான் அப்பதுமைகளுக்கு முதன்முதலாகப் பல்வேறு முகபாவங்கள் கிடைத்தன. அதற்கு முன்னர் எல்லாப் பதுமைகளும் ஒரே புன்னகையோடு இருந்தன. ஒற்றைக்கண் மறைப்பு, மரக்கால், கொக்கிக் கை, மீசை, கிளி யாவும் கரீபியக் கடலின் கதைகளைச் சார்ந்தவை. அலிப்பூரில் கட்டுவோருக்குக் கதை இன்னும் அருகிலேயே இருக்கிறது. ஹூக்ளி ஆற்றின் முகத்துவாரமும் சுந்தரவனத்துக் கழிகளும் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் கொள்ளையரின் களங்களாயிருந்தன. சிட்டகாங்கைச் சார்ந்த போர்ச்சுகீசியரும் அரக்கானியரும், துடுப்பு மிக்க, ஆழமற்ற நீரில் செல்லவல்ல விரைவுப் படகுகளில் வந்து கிராமங்களைச் சூறையாடினார்கள். அவர்கள் முதன்மையாகக் கவர்ந்தது பொன்னையன்று, மனிதரை. சிறைப்பட்டோரின் உள்ளங்கைகளைத் துளைத்துப் பிரம்பு கோத்துப் படகின் தளத்துக்கடியில் அடைத்தார்கள் என்று முகலாய வரலாற்றாசிரியர் ஷிஹாபுத்தீன் தாலிஷ் எழுதியிருக்கிறார். தம்லுக், பாலசோர் துறைகளில் அவர்கள் விற்கப்பட்டனர். வங்காள சுபேதார் ஷாயிஸ்தா கான், முதலில் போர்ச்சுகீசியரைத் தம் பக்கம் ஈர்த்து, 1666-ஆம் ஆண்டு சனவரியில் சிட்டகாங்கைக் கைப்பற்றிய பின்னரே இக்கொடுமை தணிந்தது. ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் ஜேம்ஸ் ரென்னல் வரைந்த வங்காளப் படத்தில்கூட, கழிமுகத்தின் ஒரு பகுதி அரக்கானியரால் குடிமக்களற்றுப் போன நாடு என்றே குறிக்கப்பட்டிருக்கிறது.

யார் கொள்ளையர் என்பது சொல்பவரைப் பொறுத்தும் மாறியது. மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரேயை ஆங்கிலேயர் கொள்ளைக்காரர் என்றே அழைத்தனர். அவரோ தம் கடலில் சீட்டின்றிச் சென்ற கப்பல்களைப் பிடிக்க மன்னரின் உரிமை பெற்றவர். அவர் 1729-ஆம் ஆண்டில் இறந்தார். அவருடைய படையிலிருந்த குராப் என்னும் கலத்தின் பெயர், காக்கையைக் குறிக்கும் அரபுச் சொல்லினின்று வந்தது. நீண்டு கூர்ந்த அணியமுடைய அக்கலத்தைச் செங்கல்லால் கட்டுவது கரீபியக் கப்பலைக் கட்டுவதைவிட எளிது, பாய்மரங்கள் இரண்டோ மூன்றோதான், தளம் தாழ்வானது. கழிமுகக் கொள்ளையரின் துடுப்புப் படகோ அதனினும் தாழ்வானது. எடைமையம் தாழ்ந்திருப்பதால் எளிதில் கவிழாது. முறியத் தக்க உயரமான உறுப்பும் இல்லை. விளையாட்டுக்கு ஏற்ற கொள்ளைக் கப்பலை வரலாறே தந்திருக்க, ஐரோப்பியக் கப்பலின் மூன்று மரங்களோடு போராடுவது தேவையற்ற உழைப்பு.

மாதிரிக்குப் படம் வேண்டுமெனில் நூலகத்தில் தேடத் தக்க பெயர் பால்தசார் சால்வின்ஸ். ஃபிளாண்டர்சு நாட்டு ஓவியரான இவர் 1791-ஆம் ஆண்டில் கொல்கத்தாவுக்கு வந்து, பன்னிரண்டு ஆண்டுகள் தங்கி, இந்நகரின் மக்களையும் அவர்களுடைய படகுகளையும் செதுக்கோவியங்களாகப் பதித்தவர். பஜ்ரா, பான்சி முதலிய படகுகளின் உருவத்தை அவர் மாலுமியின் கண்ணோடு வரைந்திருக்கிறார். இளமையில் கப்பற் படங்கள் வரைந்து பழகியவர் அவர். இராதாகுமுத் முகர்ஜி இந்தியக் கப்பலோட்டத்தின் வரலாற்றை நூலாக வெளியிட்டதும் 1912-ஆம் ஆண்டில்தான். அலிப்பூர்ச் சோதனைச் சாலையும் அதுவும் ஒரே வயதின. தேசிய நூலகம் பெல்வெடேரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1953-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள்.

நூலகத்துக்கு அருகிலுள்ள விலங்குக் காட்சிச் சாலையில் அத்வைதா என்னும் அல்டாப்ராப் பேராமை 2006-ஆம் ஆண்டு மார்ச்சு வரை வாழ்ந்தது. இந்தியப் பெருங்கடலைக் கடந்த மாலுமிகளும் கொள்ளையரும் இத்தகைய ஆமைகளை உயிரோடு சரக்கறையில் அடுக்கிச் சென்றார்கள். பல மாதம் உணவின்றித் தாங்கும் அவை அவர்களுக்குக் கெடாத இறைச்சி. பொம்மைக் கப்பலின் சரக்கறையில் பொற்காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் நான்கு செங்கல் ஆமைகளை வைப்பது, வரலாற்றுக்கு மிகவும் பொருத்தமாயிருக்கும்.

மழைக்காலப் பராமரிப்பு

செங்கல்லை வெயிலில் நெடுநாள் வைக்கலாகாது. புற ஊதாக் கதிர்கள் பியூட்டடையீன் பகுதியைத் தாக்கி, வெள்ளையையும் நீலத்தையும் மஞ்சளாக்குகின்றன. பொருளும் நொறுங்கத் தொடங்குகிறது. அழுக்கை நீக்க 40 பாகைக்கு மேற்படாத நீரும் சிறிது சோப்பும் போதும்; கொதிநீரில் பிடிப்பு கெடும். குழல்களுக்குள் தங்கிய நீர் எளிதில் வெளியேறாது. ஆதலால் குமிழ்ப் பக்கம் மேலிருக்குமாறு ஒரு துணிமேல் பரப்பி, விசிறியடியில் இரவு முழுவதும் உலர்த்த வேண்டும்.

துணிப் பாய்கள் ஆடி மாதத்தில் பூஞ்சணம் பூக்கும். விளிம்பில் மெல்லிய பசை தடவினால் நூல் பிரியாது. ஆனால் கஞ்சியிட்ட பாய்க்குப் பூச்சி வரும். மழை தொடங்குமுன் பாய்களை அவிழ்த்து, உலர்த்தி, தட்டையாகக் காகிதங்களுக்கிடையே வைத்து, ஐப்பசியில் காற்று வறண்ட பின்னர் மீண்டும் பருமல்களில் கட்டுவது நன்று. அவ்விடைக்காலத்தில் கப்பல் துடுப்புப் படகாக ஓடட்டும்.